சோளகம் வராத ஆண்டு

காலையில், நான் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைப்பேன். மாலையில் பிரெஞ்சு வகுப்பு. அதில் சித்தியடைந்தால் அதே ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்கு விண்ணப்பிக்கலாம். உட்கார்ந்து செய்கிற வேலை. என் முதுகுக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது.

வாய்மொழிப் பரீட்சைக்கு எனக்கு விழுந்த தலைப்பு பழங்கால வணிகப் பாதைகள். ஆசிரியை தந்த வரைபடத்தில், சீனத்திலிருந்து உரோமாபுரிக்குப் போன கடல்வழிக் கோடு ஒன்று மன்னாரின் மாதோட்டத்தைத் தொட்டுச் சென்றது. கிழக்குச் சரக்கும் மேற்குச் சரக்கும் கைமாறிய துறைமுகமாம். என் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். என் காலத்தில் அங்கே இருந்தது இராணுவக் காவலரண். அடையாள அட்டையைத் தவிர வேறொன்றும் கைமாறி நான் கண்டதில்லை.

நானே அந்தப் பாதையில் போன வணிகன் என்று நினைத்து, போன கதையையும் திரும்பிய கதையையும் சொல்ல வேண்டும். வாடைக்காற்றில் பாய் விரித்து அரபுக் கரைக்குப் போவது. தென்மேற்கிலிருந்து சோளகம் எழுந்ததும் ஊர் திரும்புவது. பஸ்ஸில் முணுமுணுத்தேன், குளியலறையில் முணுமுணுத்தேன்.

“சாப்பிடேக்கையாவது தமிழில கதையுங்கோவன்,” என்றாள் மனைவி.

பரீட்சையில் போன கதை தண்ணீராக ஓடியது. முத்தும் மிளகும் ஏற்றினேன், கடல் கடந்தேன், இறங்கினேன். அதோடு நின்றுவிட்டேன்.

“பிறகு?” என்றார் ஆசிரியை.

‘காற்று மாறியது, வீட்டுக்குத் திரும்பினேன்.’ சின்னப் பிள்ளையும் சொல்லும் வசனம். மனப்பாடமாக இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. என் மீதே எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை வருடமாக ஊருக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கக்கூடப் போகாதவன், பொய்க்காவது திரும்பியிருக்கலாம்.

“அந்த வருடம் காற்று மாறவில்லை, மேடம்,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “அப்படியானால் வணிகர் என்ன செய்தார்?”

“அங்கேயே ஒரு வேலை தேடினேன்.”

இன்னும் சிரித்தார். முன்தயாரிப்பு இல்லாமல் பேசியதற்குத் தனியாகப் புள்ளி போட்டதாகச் சொன்னார். சித்தியடைந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றக்கூட மனமில்லாமல் கதவடியில் உட்கார்ந்தேன். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன மாதிரி?”

“பாஸ்.”

“கடவுளே, இனியாவது அந்த முதுகு ஆறட்டும்.” தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். பக்கத்தில் குந்தி என் சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள்.

“அப்ப, ஊரில இருக்கிற வீட்டை வித்திடுவமே?”

அவள் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

“ஓம்,” என்றேன்.