கதவு மூடுவதற்குள்

லிஃப்ட்காரருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் விசாரிப்பும் அதற்குப் பதிலும்தான். 'ஹவ் ஆர் யூ' என்றால் 'ஃபைன் சார், தேங்க் யூ சார்'. 'வாட்ஸ் அப்' என்றால் 'நத்திங் மச் சார்'. இதை வைத்துக்கொண்டு வீட்டில் அவர் பண்ணுகிற அலட்டல் தாங்காது. மனைவிக்கும் பாடம் நடக்கும்.

"கேள்வி மாதிரிதான் இருக்கும். பதிலுக்கு யாரும் காத்திருக்க மாட்டாங்க. கதவு மூடுறதுக்குள்ள சொல்லி முடிச்சிடணும்."

"அப்புறம் எதுக்குக் கேக்குறாங்களாம்?" என்பாள் அவள்.

அவரும் ஒருகாலத்தில் ஏமாந்தவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேல்மாடி அதிகாரி 'ஹவ் ஆர் யூ' என்றதும், அடடா, மனுஷன் அக்கறையாகக் கேட்கிறாரே என்று மகளின் காய்ச்சலை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அதிகாரி செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தார். அன்றோடு சரி. தம்பி செத்த வாரத்திலும் ஃபைன் சார்தான்.

போன மாதம் நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விடிய விடியத் துடித்தார். "டாக்டர் வந்தா எல்லாத்தையும் சொல்லிடுங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். காலையில் டாக்டர் வரும் நேரமென்று, கூட இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் கதவோரம் நின்று பார்த்தாள்.

பெரிய டாக்டர் நடந்தபடியே, "ஹவ் ஆர் யூ டுடே?" என்றார்.

லிஃப்ட்காரர் எழுந்து உட்காரப் பார்த்தார். லிஃப்டில் சிரிக்கிற அதே சிரிப்பு. "ஃபைன் சார், தேங்க் யூ சார்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே!" உள்ளே விட்டதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாய் தானா சொல்லிடுச்சு" என்று திருதிருவென விழித்தார்.

நர்சிடம் ஓடினாள். "நல்லா இருக்கேன்னு அவரே சொன்னாரேம்மா. சாயங்காலம் டாக்டர் வருவார், சொல்லுங்க" என்றாள் நர்ஸ். சாயங்காலம்வரை அவர் இருக்கவில்லை. பாவி மனுஷன், சாகக் கிடந்தபோதும் மரியாதையை விடவில்லை.

வேலையிடத்தில் அவர் விட்டிருந்த சட்டையை வாங்கிப்போக அவள் அந்தக் கட்டிடத்துக்கு வந்தாள். இனி ஆள் வேண்டாமென்று லிஃப்டைத் தானாக ஓட விட்டிருந்தார்கள். உள்ளே ஏறிய மேல்மாடி அதிகாரி, வெளியே நிற்பவளைப் பார்த்து, "ஹவ் ஆர் யூ?" என்றார். யாரென்று தெரிந்து கேட்டதல்ல, பழக்கம்.

கதவு மூட ஆரம்பித்தது. பதில் அவளுக்குத் தெரியும். பாடமாகவே இருந்தது. அவள் கையைக் குறுக்கே நீட்டினாள். கதவு மறுபடி திறந்தது.

"நான் நல்லா இல்ல சார்," என்றாள். கையை எடுக்கவில்லை. "முழுசா கேட்டுட்டுப் போங்க."