ஆமாம்சாமி "இல்லை" சொன்ன படம்

அந்தத் தெருவில் சலூன் வைத்திருந்தவருக்கு ஆமாம்சாமி என்று பெயர் சூட்டியது அவருடைய மச்சான்தான். மனைவியின் அண்ணன், பேருந்து ஓட்டுகிறவர். எஞ்சின் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அதே குரலில்தான் பேசுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் தங்கை புருஷனிடம், வெயில் இந்த வருஷம் கொளுத்துகிறது என்றார். ஆமாம் என்றார் மாப்பிள்ளை. கொஞ்ச நேரம் விட்டு, மச்சான் வேண்டுமென்றே, போன வருஷ வெயிலுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்றார். அதற்கும் ஆமாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவரும் முகம் சுளித்ததில்லை. யாராவது "ஆமாம்சாமி" என்று கூப்பிட்டால், "ஆமாம்" என்றுதான் திரும்புவார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. கழுத்தில் துணியைக் கட்டி, காதோரம் கத்தியை வைத்துக்கொண்டு, "நீங்க சொல்றது தப்பு சார்" என்று யாரிடம் சொல்வது? நாற்காலியில் உட்காருகிற ஒருவர் ஒரு கட்சியைக் கிழிகிழி என்று கிழிப்பார். அடுத்து உட்காருகிறவர் அதே கட்சியைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவார். இரண்டு தலையையும் ஒழுங்காக வெட்டி, பவுடர் போட்டு, சிரித்த முகத்தோடு அனுப்பியாக வேண்டும். அப்படியே பழகிவிட்டது.

வீட்டில்தான் அது எடுபடவில்லை. அவர் மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. புடவைப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. எந்த நிறத்தை எடுத்தாலும் "உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பொழுது போகும். வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை எதிர்த்துப் பேசி, வாதாடி, ஜெயித்தோ தோற்றோ படுக்க வேண்டும் அவளுக்கு. இவரோ எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். கூடத்துக்கு நீலம் அடிக்கலாமா, இளம்பச்சை அடிக்கலாமா என்று கேட்டபோது இரண்டும் நன்றாக இருக்கும் என்றார். கோபத்தில் அவள் இரண்டு சுவருக்கு அதையும் இரண்டு சுவருக்கு இதையும் அடிக்கச் சொல்லிவிட்டாள். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டும் விட்டாள்.

"நாள் பூரா கடையில எல்லாருக்கும் ஆமாம் போட்டுட்டு வர்றேங்க. வீட்டுலயாவது யாராவது என்கிட்ட ஒரு இல்லை சொல்லக் கூடாதா?"

"ஆமாம், சொல்லணும்தான்" என்றார் அவர்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அந்தப் படம் வந்து பிடித்துக்கொண்டது.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் ஊரெல்லாம் பேசுகிறார்கள் என்று போனிலேயே டிக்கெட் எடுத்தாள். கடைக்கு வார விடுமுறை நாள், மனைவியும் விடுப்பு போட்டிருந்தாள், மச்சானும் சேர்ந்துகொண்டார். ஆமாம்சாமிக்குத் தியேட்டர் என்றால் குளிர்ச்சியாக ஒரு தூக்கம் போடும் இடம். விளக்கு அணைந்ததும் வழக்கம்போல் சாய்ந்து உட்கார்ந்தார்.

தூக்கம் வரவில்லை. சரக்கு விமானம் ஓட்டும் ஒரு பெண், எஞ்சின் கெட்டு, நடுவில் எங்கோ ஓர் உப்புவெளியில் இறங்குகிறாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. மரமில்லை, கல்லில்லை, ஒரு பறவை இல்லை. உடைந்த விமானத்தின் கதவைக் கழற்றிக் கயிறு கட்டித் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்குகிறாள். பகலில் அந்தக் கதவுதான் நிழல், இரவில் அதுதான் காற்றுக்கு மறைப்பு. சாயங்காலம் ஆனால் அந்த வெள்ளை முழுக்க ரோஜா நிறமாகிறது. பிறகு ஒரு மழை. உப்பின்மேல் விரற்கடை தண்ணீர் நின்று, வானம் மொத்தமும் கீழே இறங்கிவிடுகிறது. தலைக்கு மேலும் மேகம், காலுக்குக் கீழும் மேகம். நடுவில் ஒருத்தி கதவை இழுத்துக்கொண்டு போகிறாள். அந்தக் காட்சியில் ஆமாம்சாமி தன்னை அறியாமல் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்த மகள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் அவள் கதவைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு நடக்கிறாள். தொலைவில் ஒரு வெளிச்சம். அவள் சிரிக்கிறாள். படம் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் மச்சான் ஆரம்பித்தார். ரெண்டு மணி நேரமாக ஒருத்தி நடக்கிறாள், இதற்கு டிக்கெட்டா, எல்லாம் அழகழகான காலண்டர் படம், கதை எங்கே என்று வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார். பிறகு "என்ன மாப்ள?" என்றார்.

"ஆமாம் மச்சான்" என்றார் ஆமாம்சாமி. பழக்கதோஷம். சொன்ன கணமே தொண்டையில் மாத்திரை ஒன்று குறுக்காக நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை கடை திறந்தபோதும் அந்த மாத்திரை இறங்கவில்லை. முதலில் எலக்ட்ரீஷியன் முகச்சவரத்துக்கு வந்தார். அவரும் படம் பார்த்திருந்தார். சத்தமே இல்லாத இடங்களில்தான் தனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றார். ஆமாம்சாமி மனசார ஆமாம் போட்டார். சவரம் முடிந்தும் எலக்ட்ரீஷியன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் முடிவெட்ட வந்தார். பல வருஷ வாடிக்கை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வலப்பக்கம் வெட்டி முடிகிற வரைக்கும் மழை, மருமகன், முட்டிவலி என்று பேசிவிட்டு, மெல்லப் படத்துக்கு வந்தார்.

"அவ ஒரு அறிவுகெட்டவப்பா. விழுந்த விமானத்த விட்டு எவனாவது போவானா? அங்கயே உக்காந்திருந்தா தேடிக்கிட்டு வந்திருப்பாங்க. நடந்து நடந்து செத்ததுதான் மிச்சம்."

சொல்லிவிட்டு ஆமாமுக்காகக் காத்திருந்தார். கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"இல்ல சார்."

பெஞ்சில் பேப்பர் கீழே இறங்கியது. மருந்துக்கடைக்காரர் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து, என்னவென்று மறுபடி கேட்டார்.

"இல்ல சார். அவ சாகல."

அதற்கப்புறம் ஆமாம்சாமியை யாராலும் நிறுத்த முடியவில்லை. விமானம் வழி மாறித்தானே வந்தது, அங்கே யார் தேடுவார்கள் என்றார். குடிக்க ஒரு சொட்டில்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பவள் அறிவாளியா, நடப்பவள் அறிவாளியா என்றார். தாகத்தில் சாகிறவர்களுக்கு இல்லாத வெளிச்சமெல்லாம் தெரியும், அது தண்ணீரில் விழுந்த நட்சத்திரம் என்று மருந்துக்கடைக்காரர் அடித்துச் சொன்னார். நட்சத்திரம் அசையுமா, அது அசைந்ததே என்று இவர் கேட்டார். அவள் கதவை எப்படி இழுத்தாள் தெரியுமா என்று, துண்டைக் காலி நாற்காலியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தும் காட்டினார். நாற்காலி கிறீச்சிட்டது, சீப்புகள் உருண்டன.

"அந்தச் சிரிப்ப பாத்தீங்களா சார்? சாகப்போறவ சிரிக்கிற சிரிப்பா அது?"

மருந்துக்கடைக்காரருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பிழைத்திருந்தால் படத்தை ஏன் அங்கே முடித்தான் என்று கத்திவிட்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே படியிறங்கித் தெருவைக் கடந்து தன் கடைக்குப் போய்விட்டார். கழுத்தில் கட்டிய துணி பின்னால் படபடத்தது. வலப்பக்கம் ஒட்ட வெட்டிய தலை, இடப்பக்கம் புதர்.

எலக்ட்ரீஷியன் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன ஆமாம்சாமி, திடீர்னு சாமி வந்துருச்சா?"

ஆமாம்சாமி உருண்ட சீப்புகளைப் பொறுக்கி எடுத்தார். நல்ல வாடிக்கை ஒன்று போய்விட்டதே என்ற பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட வேறொன்றும் இருந்தது. ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்தவன் நெஞ்சு மாதிரி அவர் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. தொண்டை மட்டும் சுத்தமாகியிருந்தது.

போய் மன்னிப்பு கேட்டு மீதி முடியை அங்கேயே வெட்டிவிட்டு வரலாம் என்று சீப்பையும் கத்தரிக்கோலையும் எடுத்துவைத்தபோது, துணி படபடக்க மருந்துக்கடைக்காரரே திரும்பி வந்தார். இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் சிரித்தது ஒரு காரணம். அவர் அதைச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தானே சுழன்று திரும்பி விரலை நீட்டினார்.

"கடைசியில கதவ ஏன் விட்டுட்டுப் போனா? அதுக்கு பதில் சொல்லு. கதவு இல்லாம அந்தக் குளிர்ல எப்படிப் பொழைப்பா?"

ஆமாம்சாமி யோசித்தார். அந்தக் கதவு அவரையும் உறுத்தியிருந்தது.

"தெரியல சார். ஆனா அவ செத்துட்டான்னு நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஒத்துக்காத. உன்னை யாரு ஒத்துக்கச் சொன்னா?" என்றார் மருந்துக்கடைக்காரர், இன்னும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. விட்ட இடத்திலிருந்து விவாதம் தொடர்ந்தது. அந்த வேகத்தில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குறைந்துபோனது. அதை வீட்டில் சொல்லித்தான் மருந்துக்கடைக்காரருக்கே தெரிந்தது.

வேலைக்குப் போகிற வழியில் மச்சான் எட்டிப் பார்த்தபோது கடைக்குள் சந்தைக்கடை இரைச்சல். என்ன ஏது என்று கேட்டவரிடம் ஆமாம்சாமி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"மச்சான், நேத்து நான் போட்ட ஆமாமைத் திருப்பி எடுத்துக்கறேன். எனக்கு அந்தப் படம் ரொம்பப் புடிச்சிருக்கு. இன்னொரு தரம் போகப்போறேன்."

மச்சான் குரலைத் தாழ்த்தி, நெசமாவா என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் அது அபூர்வம். பிறகு, தான் சொன்னதே சரி என்று நிரூபிப்பதற்காகத் தானும் வருவதாகச் சொன்னார். தன் கட்சியை நிரூபிக்க மருந்துக்கடைக்காரரும் வருவதாகச் சொன்னார். வீட்டில் சேதி கேட்ட மனைவி நம்பவில்லை. சாட்சிக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டுமா என்று அவர் கேட்ட பிறகுதான் நம்பினாள். நம்பியதும், அவர் என்ன சொன்னார், இவர் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு வாங்கினாள். ஆனால் தன் அபிப்பிராயத்தை மட்டும் சொல்லவில்லை. மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

அடுத்த விடுமுறை நாளில் பகல் காட்சிக்கு ஒரு வரிசை முழுக்க இவர்கள்தான். வெளிச்சம் தெரிந்த இடத்தில் மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மழை பெய்து வானம் கீழே இறங்கியபோது மச்சானிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. வெளியே வந்து கருத்துக் கேட்டதற்கு, காலண்டர்தான், ஆனால் நல்ல காலண்டர் என்றார். அதற்குமேல் அவரை அசைக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் அது நட்சத்திரமேதான் என்றார். ஆமாம்சாமி வண்டி விளக்கு என்றார்.

சாயங்கால வெயிலில் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தபோதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"ரெண்டு பேரும் தப்பு. பொழச்சாளா செத்தாளாங்கறதே பேச்சு இல்ல. அவளுக்குத் திரும்பிப் போகவே இஷ்டமில்ல. அந்த வெள்ளைக்குள்ளயே இருக்கறது அவளுக்குப் புடிச்சுப்போச்சு. அதான் கதவ விட்டா."

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் மெல்லத் தலையாட்டத் தொடங்கினார். அவருடைய கதவுக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மச்சான் தங்கையைப் பெருமையோடு பார்த்துவிட்டு, தங்கை புருஷன் பக்கம் திரும்பினார். மகளும் திரும்பினாள். என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆமாம்சாமி தரையைப் பார்த்தபடி நின்றார்.

"இல்ல" என்றார். "நீ சொல்றது கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா எனக்குச் சரியாப் படல. இன்னிக்குத்தான் கவனிச்சேன். கதவ விட்டா, சரி. கிளம்பறப்ப பூட்டி எடுத்துக்கிட்டாளே, அந்த வீட்டுச் சாவிய விடலையே? அது அவ கழுத்துலயேதான தொங்கிச்சு?"

மனைவியின் முகம் எப்படி மலர்ந்தது என்பதை மகள் பிறகு பல நாள் தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். மலர்ந்ததே தவிர, அவள் விட்டுக்கொடுத்துவிடவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"சாவி இருந்தா? எங்க கடை குடோன் சாவி என் பையிலயுந்தான் இருக்கு. அதுக்காக நான் கடைக்குப் போகத் துடிக்கிறேன்னு அர்த்தமா?"

"அது கடைச் சாவி. இது வீட்டுச் சாவி."

"ரெண்டும் சாவிதாங்க."

"இல்ல, ரெண்டும் ஒண்ணு இல்ல."

பேருந்து வந்தது. மச்சானும் மருந்துக்கடைக்காரரும் ஏறிக்கொண்டார்கள். இவர்கள் இருவரும் பேருந்தைக் கவனிக்கவே இல்லை. மகள் டிரைவரிடம் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். வழியெல்லாம் அந்த உப்புவெளிதான். மனைவி ஒரு காட்சியைச் சொல்வாள், அவர் வேறொன்றை எடுத்துப் போடுவார். அவர் கையை வீசி நடந்து காட்டுவார், அப்படி இல்லை, இப்படி என்று அவள் நடந்து காட்டுவாள். எதிரே வந்தவர்கள் சண்டை என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தங்கள் தெருவுக்குள் திரும்பி, தங்கள் வீட்டையும் தாண்டி இருவரும் போய்க்கொண்டே இருந்தார்கள். மகள் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, வாசலுக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். திரும்பாமலேயே ஒரு கையைத் தூக்கி இரு என்று காட்டிவிட்டு, அம்மாவின் பக்கம் குனிந்து அப்பா எதையோ மறுத்துக்கொண்டிருந்தார்.