மாட்டுங்கா வீட்டில் மீன்

பேருந்து மாட்டுங்காவைக் கடக்கும்போது அந்த இரண்டாம் மாடி ஜன்னலை இன்றும் அண்ணாந்து பார்க்கிறேன். என் கல்லூரிப் படிப்பு ஊசலாடிய இடம் அது.

எனக்குப் புள்ளியியலில் கே.டி. விழுந்திருந்தது. தோற்ற பாடத்தை முதுகில் சுமந்தபடியே மேல்வகுப்புக்குப் போவதற்கு மும்பைக் கல்லூரிகளில் அந்தப் பெயர். வீட்டில் சொன்னபோது, “எவம்ல கேடி? நீயா?” என்றாள் அம்மா. மறுக்க முடியவில்லை. இந்த முறையும் கோட்டைவிட்டால் மூன்றாம் ஆண்டு கிடையாது.

தாராவியில் எங்கள் வீட்டுக்குக் கீழே பை தைக்கும் பட்டறை. அந்த மெஷின் சத்தத்தில் எனக்குத் தூக்கம் மட்டுமே நன்றாக வரும். அதனால் பரீட்சைக்கு முந்தைய இரண்டு வாரமும் வகுப்புத் தோழனின் மாட்டுங்கா வீட்டுக்கு நடந்தேன். உரக்கப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ஏறியதற்குச் சாட்சி யாரும் இல்லை.

“மீன் கண்டுபிடிக்கணும்னா எல்லாத்தையும் கூட்டு…” என்று நான் கத்த, சமையலறையிலிருந்து அவன் அம்மா கரண்டியோடு வந்தார்.

“ஏண்டா, கார்த்தாலேர்ந்து எங்காத்துல உக்காந்துண்டு மீன் மீன்னு ஏலம் போடறே? பக்கத்தாத்துல என்ன நினைப்பா?”

“மாமி, இது திங்கிற மீன் இல்ல, கணக்குல வாரது. இங்கிலீஷ்ல மீன்னா சராசரி.”

“அப்போ சராசரின்னே சொல்லேன். வாய் வலிக்கறதா?”

தோழன் பாயில் உருண்டு சிரித்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் சராசரிதான்.

பரீட்சையிலும் கை அதே பழக்கத்தில் ஓடியது. தாளைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போதுதான் உறைத்தது. ‘மீன்’ என்று எழுதவேண்டிய இடத்திலெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் ‘சராசரி’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

“போச்சுடா! என் வருசத்த ஒங்கம்மா முழுங்கிட்டாங்க.”

“மண்டு, மராத்திலயும் சராசரிதான்டா. திருத்தறவர் மராத்திக்காரரா இருக்கணும்னு வேண்டிக்கோ.”

முடிவு வரும்வரை, தாதரிலும் மாஹிமிலும் வாத்தியார் சாயலில் யாரைக் கண்டாலும் ஒதுங்கி வழிவிட்டேன். ஒருநாள் தோழனின் செல்போனில் பட்டியல் வந்தது. என் எண்ணுக்கு நேரே ‘பாஸ்’. திருத்திய புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் மூன்றாம் ஆண்டுப் படிவம் வாங்கும் வரிசையில் நின்றேன். அது நகரவே இல்லை. மும்பையில் ஒரு வரிசையை நான் ஆசையாக ரசித்தது அந்த ஒரு முறைதான்.