வாசலில் வளர்ந்த காடு

மாசி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கினால், காய்ந்த காய்களுக்குள் விதைகள் ‘கிலுகிலு’வென்று உருளும் ஓசை எங்கள் வாசலில் ஓயாமல் கேட்கும். சேந்தமங்கலத்தில் எங்கள் தெருவெல்லாம் ரோஜாவும் குரோட்டன்ஸுமாக இருக்க, கிலுகிலுப்பைச் செடியை வேண்டுமென்றே வளர்த்தது எங்கள் அம்மா ஒருத்திதான்.

முதலில் அம்மாவும் ரோஜாதான் வைத்தாள். கிணறு வற்றிக் குடிதண்ணீர் லாரியில் வந்த கோடையில் அவை கருகிப்போக, வெறுந்தரையைப் பார்க்கச் சகிக்காமல் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். மிளகு வியாபாரியான அத்தா கொல்லிமலைக்குக் கிளம்பியபோது தானும் பஸ் ஏறினாள். யாரும் தண்ணீர் ஊற்றாத சரிவுகளில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஆலத்தூர் நாடு என்ற மலையூரில் மிளகு தரும் வீட்டில் ஆவாரை, கிலுகிலுப்பை விதைகளும் காந்தள் கிழங்கும் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துவந்தாள். “கெழங்கு வெசங்க, புள்ளைங்க வாயில வெச்சிரப் போவுது” என்று அவர்கள் சொன்னதால், அதை மட்டும் மதிலோரம் முள்வேலிக்குள் நட்டாள்.

மழை வரும்வரை அம்மாவும் தூங்கவில்லை, எங்களையும் தூங்கவிடவில்லை. வந்தபின் அந்த ‘காடு’ இரண்டே வருஷத்தில் என் தலைக்கு மேல் வளர்ந்தது.

அப்போதுதான் ரஹ்மத் அக்காவைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து வருவதாக ஆள் மூலம் சொல்லிவிட்டார்கள்.

“மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க? புதராட்டம் கெடக்குது” என்றார் அத்தா.

“பூத்துத்தானுங்க கெடக்குது” என்றாள் அம்மா.

அம்மா நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு உறவினரைப் பார்க்கப் போன பகலில், அத்தா ஆள் வைத்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். திரும்பி வந்தவள் அழவில்லை. அந்த மொட்டைத் தரையில் இருட்டும்வரை நடந்தாள்.

மறுநாள் வந்த மாப்பிள்ளையின் தாயார், தேநீரை வாங்கிக்கொண்டே வெளியே பார்த்து, “ஏனுங்க, இவ்வளவு எடம் இருந்தும் ஒரு செடிகூட இல்லீங்களா?” என்று கேட்டார். அதுவரை அம்மாவின் செடிகளைச் சட்டைசெய்யாத அக்கா, குனிந்த தலையை நிமிர்த்தி, “இருந்துச்சுங்க. நீங்க வாரீங்கன்னுதான் அத்தா வெட்டிட்டாங்க” என்றாள்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பெரியவர்கள் நடுவே பெண் வாய் திறந்துவிட்டாள் என்று சொல்லியனுப்பினார்கள். அத்தா அக்காவிடம் பேசாமல் இருந்தார். அம்மாவோ அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “பயப்படாத கண்ணு” என்று தலைவாரிவிட்டாள்.

மழைக்காலம் வந்ததும் வெட்டிய ஆவாரைக் கட்டைகள் துளிர்த்தன, காந்தளும் முளைத்தது. ஒரு மாலையில் அத்தா சைக்கிளை வழக்கமான இடத்தில் நிறுத்தப் போய், அங்கே விட்டிருந்த துளிரைக் குனிந்து பார்த்து, சைக்கிளைத் தூக்கித் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அன்று இரவு அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டதும் அவர்தான்.

இப்போது அம்மாவும் இல்லை, அத்தாவும் இல்லை. திருச்சியில் வாழ்க்கைப்பட்ட அக்கா எப்போதாவது வருகிறாள். வாசல் முழுக்க என் தம்பி கடைக்காகப் போட்ட சிமெண்டுத் தளம். முதல் மழை பெய்தால் மட்டும் என்னால் உள்ளே உட்கார முடிவதில்லை. மதிலோர விரிசல்களைக் குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன். இதுவரை ஒன்றும் முளைக்கவில்லை.