‘என்ன சாப்ட்ட?’ என்று கேட்ட கமலா

செய்தி வந்தபோது நான் பெரிய மார்க்கெட்டில், மீன்கார அஞ்சலையோடு சங்கராவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். கைபேசியில் சங்கீதா, கமலவேணியின் தங்கை மகள். “பெரியம்மா போய்ட்டாங்க ஆன்ட்டி. காபி குடிச்சிட்டு நாற்காலில உக்காந்தாங்க. கூப்ட்டா திரும்பவே இல்ல” என்றாள். ஐயோ என்று நான் அலறவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை. “நேத்து என்ன சாப்ட்டா?” என்றுதான் கேட்டேன். அஞ்சலை அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். செத்தவளின் சாப்பாட்டை விசாரிக்கிறாளே, இவள் என்ன பொம்பளை என்று நினைத்திருப்பாள்.

“இட்லிதான் ஆன்ட்டி. டாக்டர் வந்து பார்த்துட்டு ஹார்ட் அட்டாக்னு சொல்லிட்டாரு.” அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது. அது அவளை எடுக்கவில்லை.

எங்கள் கல்லூரியில் அவளிடம் உயிர்வேதியியல் படித்த உங்களுக்கு அவள் கமலவேணி மேடம். பக்கத்து மேசைக்காரியான எனக்குக் கமலா. மரியாதைக்காக ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். “யாருடி அது அவரு?” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்பது போலிருந்தது. ஆகவே அவள் என்றே எழுதுகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஊரெல்லாம் ‘சாப்டியா?’ என்று கேட்கும். கமலா மட்டும் ‘என்ன சாப்ட்ட?’ என்று கேட்பாள். தேர்வுக்கு வந்து மயங்கி விழுந்த மாணவியிடமும் அதே கேள்விதான், கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவரிடமும் அதே கேள்விதான். பதில் வரும்வரை கண்ணை எடுக்க மாட்டாள். அவளோடு வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். அவள் டப்பாவில் எந்நாளும் சோறும் ரசமும் ஏதாவதொரு காயும்தான். “கடலோரத்துல, உப்பளம் ஏரியாவுல பொறந்துட்டு மீன் சாப்புடாத ஒரே ஆளு நீதான்டி. என்ன, திடீர்னு சைவப் பிள்ளை ஆயிட்டியா?” என்று சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை. “எங்க வூட்டுல பொம்பளைங்க யாரும் சாப்புட மாட்டாங்க. சாப்ட்டா அவங்க வந்துடுவாங்க” என்றாள். யார் வருவார்கள் என்று கேட்டேன். டப்பாவை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் அவளே சொன்னாள். அவள் அப்பா மில் தொழிலாளி. கமலாவுக்குப் பின் வரிசையாக மூன்று தம்பிகள் பிறந்தார்கள். மூவரும் கொழுகொழுவென்று பிறந்து, நன்றாகப் பால் குடித்து, பிறகு அழுகையை நிறுத்திக்கொண்டார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பினால் எழாது. மூச்சு மட்டும் வேகமாக ஓடும். அப்புறம் அதுவும் ஓடாது. தெருவில் அந்த வீட்டுக்கு ‘ஆண் தங்காத வீடு’ என்று பேராகிவிட்டது. மூன்றாவது தம்பிக்கு மூக்குக் குத்தி, பாவாடை சுற்றி, பிச்சை என்று பேர் வைத்தார்களாம். பெண் என்று நினைத்து அது விட்டுவிடும், பிச்சையாகக் கிடைத்த பிள்ளை என்று ஒதுங்கிவிடும் என்றெல்லாம் நம்பிக்கை. அது ஏமாறவில்லை. “அழற புள்ளைக்குப் பயப்படாத வசந்தி. அழாத புள்ளைக்குப் பயப்படு” என்றாள் கமலா.

அந்த ‘அது’ என்னவென்று கண்டுபிடிக்கத்தான் அவள் படித்தாள். நாம் தின்னும் பருப்பும் மீனும் முட்டையும் உடம்பில் கரையும்போது அம்மோனியா பிறக்கிறது. மூளைக்கு அது விஷம். கல்லீரலில் சில நொதிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, வட்டமாக வேலை செய்து, அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அந்த வட்டத்தில் ஒரு நொதிக்கு ஆர்னித்தீன் டிரான்ஸ்கார்பமைலேஸ் என்று பெயர். அது பழுதானால் விஷம் மூளைக்கு ஏறும். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு ஒரே எக்ஸ்தான். அம்மாவிடமிருந்து பழுதானது வந்துவிட்டால் கைகொடுக்க இன்னொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுவாள். ஆனால் கல்லீரலில் எத்தனை உயிரணுக்கள் நல்லதைப் பிடித்துக்கொண்டன, எத்தனை கெட்டதைப் பிடித்துக்கொண்டன என்பது அவரவர் தலையெழுத்து. கமலாவின் அம்மா கல்யாண விருந்துகளுக்குப் பிறகு ‘சாமியாடிய’ கதையெல்லாம் இதில்தான் வந்து சேர்ந்தது.

எங்கள் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கணினியில் அந்த நொதியைச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீலம், பச்சை, மஞ்சள். அச்சடித்தாற்போல் ஒரே மாதிரியான மூன்று சங்கிலிகள், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பும். மேசையிலும் பிளாஸ்டிக்கில் அதே உருவம். “வேலை நடக்கற எடம் யார் வூட்டுக்குள்ளயும் இல்ல பாரு. ரெண்டு வூட்டுக்கும் பொதுச் சுவர்ல இருக்குது” என்று காட்டுவாள். அவள் குடும்பத்தில் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. அதைத் தன் ரத்தத்திலேயே பார்த்துத் தெரிந்துகொண்டவள் அவள். “மூணுக்கும் பேர் வெச்சிருக்கியா?” என்று ஒருதரம் விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். “பேர் வெச்ச உடனே போய்ட்டாங்க. அதான் வெக்கல” என்றாள், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல். நான் திரைச்சீலையை விலக்கிவிட்டு வெளியே வந்தேன்.

சங்கீதா கர்ப்பமானபோது கமலா கவலையில் உருகிப்போனாள். பெண்குழந்தை பிறந்தது. குடும்பமே பெருமூச்சு விட்டது. பெண்தானே, பயமில்லை என்று நானும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். கமலா மட்டும், “அம்மாக்காரியப் பாத்துக்கணும்டி, பிரசவத்துக்கு அப்புறம்தான் ஆபத்து” என்றாள். புருஷன் வீடு கருவடிக்குப்பத்தில். மாமியார் தங்கமான மனுஷி. அதுதான் வினையாகிவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு, பால் ஊறட்டும் என்று வேளைக்கு வேளை சுறாப்புட்டு செய்து ஊட்டியிருக்கிறார். கமலா படித்துப் படித்துச் சொல்லியும், “நாலு வாய் மீன் சாப்புடாம யாருக்குங்க பால் சொரந்துது? ஆசையா குடுக்கறத வேணாங்கலாமா?” என்று கேட்டாராம்.

ஒரு வாரத்துக்குள் போன் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சங்கீதா சுவரோரம் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். பிள்ளை பசியில் கத்துகிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நவுந்துக்கோ பெரியம்மா, மூணு பசங்களுக்கும் எடம் வேணாமா?” என்றாள், வெறும் மூலையைக் காட்டி. காத்து கருப்பு என்று வேப்பிலைக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். கமலா அந்த மூலையை ஒரு கணம் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் ஒரே இடத்தில் நிற்கவில்லை, ஒவ்வொரு ஆளாகப் பார்ப்பதுபோல் நகர்ந்தது. பிறகு மாமியார் பக்கம் திரும்பி, “என்ன சாப்ட்டா?” என்று கேட்டாள்.

பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பிந்தைய மனக்கோளாறு என்றார்கள். “மனசு அப்புறம் டாக்டர். மொதல்ல அம்மோனியா பாருங்க” என்று கமலா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சோதனை அங்கே இல்லை. ரத்தத்தை ஐஸில் வைத்து வேறிடத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும், ஐஸும் அங்கே இல்லை. ஆட்டோ பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்கு ஓடினேன். “மீன் வாங்குனாத்தான் ஐஸு” என்ற அஞ்சலை, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்குச்சட்டி நிறைய அள்ளிப் போட்டாள். மீன் வாடை அடிக்கிற ஐஸில்தான் சங்கீதாவின் ரத்தம் போனது. அம்மோனியா பல மடங்கு ஏறியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, மருந்தும் குளுக்கோஸும் ஏற்றி, அவள் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடும்வரை கமலா பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. “நீயும் பட்டினி கிடக்கக் கூடாதுடி, உடம்பே உடம்பத் தின்னும்னு நீதானே சொல்லுவ” என்று திட்டி நான்தான் கஞ்சி கொடுத்தேன்.

அந்தக் குழந்தைதான் யாழினி. பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கும் பழுது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று கமலா கெஞ்சினாள். சங்கீதா மறுத்துவிட்டாள். “தெரிஞ்சா மட்டும்? நாளைக்கு யாரு கட்டிப்பாங்க பெரியம்மா?” என்று அழுதாள். கமலா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. தினமும் சாயங்காலம் போன் போட்டு யாழினியிடம் என்ன சாப்ட்ட என்று கேட்பாள். அவள் போனபின் எனக்கிருந்த ஒரே பயம் இதுதான்: இனி யார் கேட்பது?

கருமாதியன்று படையல் போட்டார்கள். வாழையிலையில் வஞ்சிரம் வறுவல், எறா தொக்கு, முட்டை, நடுவில் சுறாப்புட்டு. சங்கீதாவின் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “உசுரோட இருந்தவரைக்கும் நாக்குல வெச்சதில்ல. இப்பயாச்சும் ஆசை தீர சாப்புடட்டும்” என்றார். அந்த அன்பை என்ன சொல்லித் திட்டுவது? காக்கைகள் மதில்மேல் வந்து உட்கார்ந்தன. சோற்றைக் கொத்தின, மீனைத் தொடவில்லை. காக்கைக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கமலாவின் புத்தகங்களை எடுக்க அவளுடைய உப்பளத்து வீட்டுக்குப் போனேன். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். குழந்தைக்குக் காலையிலிருந்து வாந்தி, அலைச்சலால் இருக்கும், தூங்கட்டும் என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். யாழினி தூங்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மெல்ல நகர்ந்து இடம் விட்டுக்கொண்டிருந்தாள். “யாருடா அங்க?” என்றேன். “மூணு அண்ணன்” என்றாள் நா குழற. அந்த மூவரைப் பற்றி அவளிடம் யாரும் சொன்னதில்லை. சங்கீதா பின்னால் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

“என்ன பண்றாங்க?”

“ஒண்ணும் பண்ணல மேடம் ஆயா. அழவே மாட்றாங்க.”

குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன்: “என்ன சாப்ட்ட?” அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் உறுத்துகிறது. “நீங்க கேப்பீங்கன்னு பெரிய ஆயா சொன்னாங்க” என்றாள். கமலா எப்போது சொன்னாள், உயிரோடிருந்தபோதா, அன்று மத்தியானமா? நான் கேட்கவில்லை. “படையல். நெறைய” என்று சொல்லி என் தோளில் சாய்ந்தாள்.

இந்தமுறை ஆஸ்பத்திரி வாசலை நான் மறித்தேன். ரத்தம் எடுக்கும்போது யாழினி ஊசியைப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதாள். மாடியெல்லாம் கேட்டிருக்கும். நர்ஸ், “அழாத பாப்பா” என்றார். “அழட்டும் விடுங்கம்மா, நல்லா அழட்டும்” என்று சொல்லி நானும் கூடவே அழுதேன். அம்மோனியா ஏறியிருந்தது. சீக்கிரம் கொண்டுவந்ததால் இறக்கிவிட்டார்கள். மரபணுச் சோதனைக்குச் சங்கீதா தானே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பிளாஸ்டிக் நொதி இப்போது என் மேசையில் இருக்கிறது. அறையின் திரைச்சீலையை நான் இழுத்துவிடுவதில்லை. ஆனால் கமலாவிடமிருந்து நான் உண்மையில் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். தினமும் சாயங்காலம் கருவடிக்குப்பத்துக்குப் போன் போடுகிறேன். சோறு, ரசம், உருளைக்கிழங்கு என்று யாழினி ஒப்பிப்பாள். நேற்று ஒப்பித்துவிட்டுப் போனை வைக்காமல், கமலா குரலை இறக்கிக் கேட்பாளே, அப்படியே இறக்கி, “நீ என்ன சாப்ட்ட வசந்தி?” என்றாள். குழந்தை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

நான் ஒன்றும் மறைக்காமல் பதில் சொன்னேன்.