அண்ணிக்காக நான் வைத்த கைநாட்டு

அன்பான சபையாரே, மைக் பிடித்துப் பேச எனக்கு வராது. பாஸ்டரம்மா மூன்று ஞாயிறு கேட்டுவிட்டார்கள். மூன்று தடவையும் தலைவலி என்று சொல்லிவிட்டேன். நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதனால் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி எழுதித் தருகிறேன். யாராவது வாசித்தால் போதும். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் புயல் வந்தபோது எங்கள் அண்ணியை வீட்டிலேயே விட்டுவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன். என் கஷ்டம் இதிலிருந்துதான் ஆரம்பம்.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, ராஜம்மாள். எண்பதை நெருங்கிவிட்டார்கள். நானும் விதவை, அவர்களும் விதவை. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்னால் ஏரி ஓரமாக இருக்கிற எங்கள் ஓட்டு வீட்டில் நாங்கள் இருவர்தான். அண்ணிக்கு முட்டி வலி, வாயில் ஒரு பல்கூட இல்லை. ஆனால் வெற்றிலை போடாமல் இருக்க முடியாது. ஒரு சின்ன இரும்பு உரல் வைத்திருக்கிறார்கள். அதில் டங்கு டங்கென்று இடித்துத்தான் வாயில் போடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆட்டோவில் மைக் கட்டி, எல்லாரும் கிளம்புங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஏதோ கம்பெனியின் பஸ் இரண்டு வந்து தெருமுனையில் நின்றது. மழை அப்போதே சாய்த்து அடித்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். பின்னால் வந்த அண்ணி பாதித் தெருவில் நின்றுவிட்டார்கள்.

"உரல வெச்சிட்டு வந்துட்டேன் சவுந்தரம். நீ போய் எடம் புடி. நான் பின்னாடி பஸ்ல வரேன்" என்றார்கள்.

"அண்ணி, உசுரு போற நேரத்துல உரலா?"

"உரலு இல்லன்னா உசுரு எதுக்குடி?"

எனக்குக் கோபம் வந்தது. என்னவோ செய்யட்டும் என்று ஏறிவிட்டேன்.

ஆறு கிலோமீட்டர் தள்ளி அரசுப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். வாசலில் ஒரு பெண்பிள்ளை மேசை போட்டு, ரேஷன் கார்டு பார்த்துப் பேர் எழுதியது. ஆளுக்கு ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு பிரெட் பாக்கெட். எனக்கு முன்னால் போர்வைக் கட்டு கரைந்துகொண்டே வந்தது. கார்டில் இருவர் பேர் இருக்குது, இன்னொருத்தர் எங்கே என்று அந்தப் பெண் கேட்டது. பாத்ரூம் போயிருக்காங்க என்று சொல்லிவிட்டேன். அடுத்த பஸ்ஸில் எப்படியும் வந்துவிடுவார்கள், அதற்குள் போர்வை தீர்ந்துவிடும், கிழவி குளிரில் நடுங்கும் என்று நினைத்தேன். என் பேருக்குக் கையெழுத்துப் போட்டேன். அண்ணிக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான். யாரும் பார்க்காத நேரம் என் இடது கட்டைவிரலை மையில் அழுத்தி அண்ணி பேருக்கு நேராக வைத்தேன். இரண்டு போர்வை கிடைத்தது.

இரண்டாவது பஸ் வந்தது. அதில் அண்ணி இல்லை.

சிலரைக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று யாரோ சொன்னார்கள். சரி, அங்கேதான் இருப்பார்கள் என்று படுத்துவிட்டேன். அன்றைக்கு நான் ஜெபம்கூடப் பண்ணவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை விடியற்காலையில் புயல் கரையைக் கடந்தது. பள்ளிக்கூடத்துத் தகரம் பறந்தது. ஏரி நிரம்பி எங்கள் தெருப்பக்கம் தண்ணீர் திரும்பிவிட்டது, ரோடு அறுந்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் மண்டபத்திலிருந்து பால் கொண்டுவந்த ஆளிடம் அண்ணியின் அடையாளம் சொல்லிக் கேட்டேன். அப்படி யாரும் அங்கே இல்லவே இல்லை என்றான்.

மேசைப் பெண்ணிடம் ஓடினேன். அது நோட்டைப் புரட்டிப் பார்த்தது.

"இன்னா பாட்டி, ராஜம்மாள் பேரு இங்க கீது. கைநாட்டு வெச்சிருக்காங்க, போர்வை வாங்கிகினாங்க. இங்கதான் எங்கனா இருப்பாங்க. நல்லா தேடிப் பாருங்க."

கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அந்த ஊதா மை எத்தனை தடவை கழுவியும் போகவில்லை. சோப்பு போட்டேன், மணல் வைத்துத் தேய்த்தேன். தோல்தான் எரிந்தது.

அப்போதுதான் ஜெபிக்க ஆரம்பித்தேன். ஜெபம் என்று சொல்லக்கூடாது, சண்டை. ஆண்டவரே, நாற்பது வருஷம் உம்முடைய கோயிலைப் பெருக்கினேன், ஒரு கிழவியைக் காப்பாற்ற உமக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்டேன். வியாழக்கிழமை முழுக்கக் கேட்டேன். மழைதான் பெய்தது. காலையில் உப்புமா, மத்தியானம் சாம்பார் சாதம், மறுபடி உப்புமா. கக்கூசுக்கு முக்கால் மணி நேரம் வரிசை. போன் சார்ஜ் போடுகிற இடத்தில் ஆம்பளைகள் அடித்துக்கொண்டார்கள். எனக்கு எல்லார் மேலும் எரிச்சல். உரலின் மேல் எரிச்சல். ஆண்டவர் மேல்தான் ரொம்ப எரிச்சல்.

வியாழன் மத்தியானம் பாஸ்டரம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தார்கள். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். அண்ணியைக் காணவில்லை என்று மட்டும் சொன்னேன். தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். சுகமாகத் திரும்பி வரவேண்டும் என்று உருக்கமாக ஜெபித்தார்கள். என் உள்ளுக்குள் மட்டும் ஒன்றும் இறங்கவில்லை. ஏதோ தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்றது. அது என்னவென்று எனக்குத் தெரியும். மடியில் இருந்த இரண்டாவது போர்வைதான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு அதிகாரி அம்மா ஜீப்பில் வந்து தலை எண்ணினார்கள். யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று சத்தமாகக் கேட்டார்கள். யாரும் இல்லை மேடம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குக் கல்யாணத்தில்கூட நிமிர்ந்து பார்த்துப் பழக்கமில்லை. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. போர்வையைக் கொண்டுபோய் அந்த அம்மா முன்னால் வைத்தேன். விரலை நீட்டிக் காட்டினேன்.

"ராஜம்மா இங்க வரவே இல்லம்மா. அது என் கைநாட்டு. போர்வைக்காகப் பொய் சொன்னேன். அவங்க ஊட்லயே மாட்டிகினாங்க."

இருநூறு பேர் முன்னால் எங்கள் தெரு மல்லிகா கத்தினாள்.

"ஒரு போர்வைக்கு நாத்தனாரையே வித்துட்டியா? தெனம் கோயிலு கோயிலுன்னு போவியே!"

அந்த வார்த்தை இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் அவள் சொன்னது பொய் இல்லை.

அதிகாரி அம்மா திட்டவில்லை. உடனே போன் போட்டார்கள். ரப்பர் படகு போனது. ஒரு மணி நேரம் கழித்து, வீடு வெளியே பூட்டியிருக்கிறது, தெருப்பக்கம் நின்று கூப்பிட்டாலும் பதில் இல்லை, உள்ளே இடுப்பளவு தண்ணீர் என்று செய்தி வந்தது. இவ்வளவு வெட்கத்துக்கும் பலன் இதுதானா ஆண்டவரே என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. நான் வீட்டைப் பூட்டவில்லை. சாவி அண்ணியிடம் இருந்தது. வெளியே பூட்டியிருக்கிறது என்றால் அண்ணி வெளியே வந்திருக்கிறார்கள். இடுப்புத் தண்ணீரில் அந்த முட்டியை வைத்துக்கொண்டு எங்கே போக முடியும்? எங்கள் கொல்லைக்குப் பின்னால் மட்டும்தான் ஒரு மாடி வீடு.

அதை வாயால் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த மாடியில் கம்பெனியில் வேலை செய்கிற பீகார்க்காரர்கள் பதினோரு பேர் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் இருப்பது மீஞ்சூரில். அவர்கள் கடுகெண்ணெய் காய்ச்சினால் எனக்குக் குமட்டும். அவர்கள் காயப்போடும் ஈரச் சட்டை என் சமையலறை ஓட்டில் சொட்டும். ஞாயிறு ஆனால் பாட்டுச் சத்தம். புயலுக்கு முந்தின மாதம் நம் சபையின் ஜெபப் பெட்டியில் பென்சிலால் எழுதிப் பேர் போடாமல் ஒரு சீட்டுப் போட்டேன். மாடியில் இருக்கும் இந்திக்காரர்கள் சீக்கிரம் காலி பண்ண வேண்டும் என்று எழுதியிருந்தேன். உபவாச ஜெபத்தில் அதை வாசித்தார்கள். நீங்களும் ஆமென் சொன்னீர்கள்.

பஸ் வந்த அன்று அவர்களில் வயதானவர் மாடி ஜன்னலில் நின்று, என்ன ஆச்சு அம்மா என்று இந்தியில் கேட்டார். மைக்கில் சொன்ன தமிழ் அவர்களுக்குப் புரியவில்லை. நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவர்கள் பேரை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

"பின்னாடி மாடி ஊட்ல பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

"அங்க யாரும் இல்லன்னு லிஸ்ட்ல இருக்குதே பாட்டி" என்றது மேசைப் பெண்.

"லிஸ்ட்ட நம்பாத கண்ணு. என் விரலப் பாரு."

படகு மறுபடி போனது. இந்தத் தடவை படகுக்காரரே சிரித்துக்கொண்டு வந்தார்.

"கிழவி நல்லா கீது. சப்பாத்திய டீயில ஊற வெச்சுத் துன்னுகினு சட்டமா உக்காந்துகினு கீது. படகுல ஏறுன்னா, அந்தப் பேஜாருபுடிச்ச பள்ளிக்கூடத்துக்கு நான் வரலன்னு சொல்லுது."

நான் தரையில் விழுந்து அழுதேன். மல்லிகாதான் தூக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகும் வீட்டுக்கு விடவில்லை. கரண்ட் கம்பி கிடக்கிறது, பாம்பு வந்திருக்கிறது, நாளைக்கு, நாளைக்கு என்றே சொன்னார்கள். மறு செவ்வாய்க்கிழமைதான் விட்டார்கள். என் வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. அதைப் பார்க்காமல் முதலில் மாடி ஏறினேன். அந்தப் படிக்கட்டில் நான் கால் வைத்ததே அன்றைக்குத்தான்.

மேலே போகும்போதே டங்கு டங்கென்று சத்தம். அந்த வயதானவர், பிந்தேஸ்வர் என்று பேர், குந்தி உட்கார்ந்து அண்ணிக்கு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அண்ணி வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு பாதி ஜாடையில் நடந்ததைச் சொன்னார்கள். உரலை எடுத்துத் திரும்பும்போது மழையில் முட்டி பிசகி நடக்க முடியவில்லை. பஸ் போய்விட்டது. மறுநாள் காலையில் தண்ணீர் கட்டிலுக்கு ஏறியது. கத்தினால் காற்றில் கேட்கவில்லை. உரலைத் தூக்கிக் கொல்லைப்பக்கத்து ஜன்னல் கம்பியில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த டங்கு டங்கைக் கேட்டு இரண்டு பேர் இறங்கிவந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனார்கள். கதவைப் பூட்டினால்தான் வருவேன் என்று தண்ணீரிலும் அடம்பிடித்தார்களாம்.

எத்தனை மணி இருக்கும் அண்ணி என்று கேட்டேன். புதன்கிழமை காலை நாஷ்டா நேரம் என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். நான் ஜெபிக்க ஆரம்பித்ததே புதன் சாயங்காலம். நான் கேட்கும் முன்னமே ஆண்டவர் தூக்கிவிட்டார். அப்படியானால் இரண்டு நாள் என்னை ஏன் துடிக்கவிட்டீர் என்று அவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. அண்ணிக்கு வேண்டியது புதன்கிழமையே கிடைத்துவிட்டது. மிச்ச நாள் எனக்காக. நான் எழுதிப் போட்ட சீட்டை அவர் கேட்டிருந்தால், அந்த மாடியில் அன்றைக்கு யார் இருந்திருப்பார்கள்? நம் எல்லாருடைய ஆமெனையும் அவர் ஒதுக்கி வைத்தாரே, அதற்குத்தான் முதல் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அண்ணி என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்.

"எனக்குன்னு ஒரு போர்வை வாங்கினியாமே. எங்கடி?"

படகுக்காரர் சொல்லியிருக்கிறார். அதிகாரி அம்மா அதைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டார்கள். பையிலிருந்து எடுத்தேன். அண்ணி வாங்கிப் பிந்தேஸ்வர் தோளில் போட்டார்கள். அவருடைய கம்பளிதான் அண்ணியின் முட்டியைச் சுற்றியிருந்தது.

இப்போது ஞாயிறு பாட்டுச் சத்தம் கேட்டால் நான் ஜன்னலைச் சாத்துவதில்லை. கடுகெண்ணெய் வாசனை இன்னும் பிடிக்கவில்லை. அதை மாற்ற ஆண்டவர் நேரம் எடுக்கிறார். அவர்கள் பதினோரு பேரின் பேரையும் கேட்டு எழுதிப் பஞ்சாயத்து ஆபீசில் கொடுத்தோம். அடுத்த மழைக்கு அவர்களும் பஸ்ஸில் ஏறவேண்டும்.

உங்களில் யாருக்காவது ஜெபம் மேலே போகாமல் தொண்டையில் நிற்கிறதா? என்னைப்போல முந்தானைக்குள் எதையாவது மறைத்திருக்கிறோமா என்று பாருங்கள். வெட்கம் இருக்கத்தான் செய்யும். எழுந்து நில்லுங்கள். அவர் விடமாட்டார்.

பெட்டியில் இந்த வாரம் ஒரு சீட்டு போட்டிருக்கிறேன். பிந்தேஸ்வரின் மனைவிக்கு ஊரில் ஆபரேஷன். இந்தத் தடவை என் பேரையும் எழுதியிருக்கிறேன். வாசிக்கும்போது சத்தமாக ஆமென் சொல்லுங்கள்.

சவுந்தரம்