இரவுச் செய்தியில் எங்கள் வாசல்

1. பல் விளக்கியவன்

ஆமிக்காரர் கேட்டைத் தட்டியபோது சுதன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். விடியக்காலைச் சுற்றிவளைப்பு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்த அந்த லொட்ஜுக்கு நான் மனேஜர். எனக்கு வீடு கொட்டாஞ்சேனை. அப்பா அட்டன் தோட்டத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். லொட்ஜில் தங்கியவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணம், வவுனியா ஆட்கள். விசாவுக்கு நிற்பவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், படிக்க வந்தவர்கள். சுதன் வவுனியாப் பொடியன். கணக்கியல் படித்துக்கொண்டே கொட்டாஞ்சேனையில் ஒரு மொத்தக் கடையில் அரை நாள் வேலை பார்த்தான்.

சுற்றிவளைப்பு எங்களுக்குப் புதிதல்ல. அன்று புதிதாக வந்தது டிவி கமரா. தோளில் கமராவோடு நின்றவன் என்னைப் பார்த்து, "மல்லி, லயிட் எக்க தாண்ட" என்று சிங்களத்தில் சொன்னான். வாசல் லயிட்டை நானே போட்டுக் கொடுத்தேன். லொட்ஜ் பெயர் எழுதிய பச்சை போர்ட், வாய் உடைந்த சிமெந்துச் சாடியில் குரோட்டன் செடி, அதைத் தாண்டி வரிசையாக எங்கள் பொடியன்கள். தோளில் துவாயும் கையில் பிறஷும் வாயோரத்தில் நுரையுமாக சுதன் வந்தான். வெளிச்சம் கண்ணில் அடிக்க, ஒரு தரம் நேராகக் கமராவைப் பார்த்துவிட்டு ட்ரக்கில் ஏறினான்.

கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு எல்லோருக்கும் சரியாக இருந்தது. பின்னேரத்துக்குள் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். சுதன் பிறஷோடுதான் திரும்பி வந்தான். "அண்ணை, இனியாவது வாயைக் கொப்பளிக்கலாமே?" என்று கேட்டு எங்களையெல்லாம் சிரிக்க வைத்தான்.

இரவு முன் ஹோலில் டிவியைப் போட்டால், "பயங்கரவாதத் தொடர்புடைய சந்தேக நபர்கள் தலைநகரில் கைது" என்கிறார்கள். எங்கள் வாசல், எங்கள் குரோட்டன், எங்கள் சுதன். விட்டுவிட்டார்கள் என்று அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் சொல்லவில்லை.

2. பேலியகொடையிலும் எங்கள் குரோட்டன்

ஒருநாள் கூத்து என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை தெமட்டகொடையில் யாரையோ பிடித்தார்கள். டிவியில் எங்கள் வாசல். பிறகு பேலியகொடை மீன் சந்தைப் பக்கம் ஏதோ ஒரு தேடுதல். அதற்கும் எங்கள் வாசல். கரையோரமெல்லாம் வெள்ளம் என்று செய்தி வாசிக்கிற அன்றுகூட, அடுத்த செய்திக்கு சுதன் காய்ந்த துவாயோடு ட்ரக்கில் ஏறினான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனடா, கொழும்பில் பிடிக்கிற ஆளெல்லாம் பல் விளக்கிக்கொண்டா நிற்கிறான்?

கொழும்புச் சனல்காரர் மட்டும் என்று சொன்னால் அது நியாயமில்லை. வெளிநாட்டுத் தமிழ்ச் சனல் ஒன்றும் அதே துண்டை எடுத்துக்கொண்டது. அவர்கள் அதற்குச் சோக மியூசிக் சேர்த்து, "கொழும்பில் தொடரும் அடக்குமுறை" என்று வாரக்கணக்கில் ஓட்டினார்கள். ஒருவனுக்கு அவன் பயங்கரவாதி, மற்றவனுக்கு அவன் பலியாடு. பொடியன் விடுதலையாகி மேல்மாடியில் இருந்து படிக்கிறான் என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

படம் திரும்பவும் வருகிற இரவெல்லாம் வவுனியாவிலிருந்து சுதனின் அம்மா போன் எடுப்பார். தகப்பன் இல்லாத பிள்ளை, ஒரே மகன். முதல் முறை அவரால் கதைக்கவே முடியவில்லை, அழுகைதான்.

"அம்மா, அது பழைய படம்மா. பயப்படாதீங்க. தம்பி நல்லா இருக்காரு, இந்தாங்க, பேசுங்க."

சுதன் போனை வாங்கி, "அம்மா, நான் இங்கதான் நிக்கிறன், சோறு தின்னுறன்" என்று சொல்வான். அடுத்தடுத்த முறை அவர் அழவில்லை. பிறகு, "தம்பி, பழைய படம்தானே?" என்று மட்டும் கேட்பார். பிறகு போன் எடுப்பதையே விட்டுவிட்டார்.

பொடியன்கள் சுதனை 'ஹீரோ' என்று கூப்பிட்டார்கள். செய்தி தொடங்கினால், "ஹீரோ, உன்ர ஸீன் வரப்போகுது, ஓடி வா" என்று மாடிப்படியில் நின்று கத்துவார்கள். அவனும் சிரித்துக்கொண்டு வருவான். ஆனால் கடை முதலாளி, "கொஞ்ச நாளைக்கு வர வேணாம் தம்பி, கஸ்டமர்மார் ஒரு மாதிரி பாக்குறாங்க" என்று சொன்ன நாளில் அவன் சிரிப்பு நின்றது. காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் மற்றவனிடம், "இந்த மூஞ்சியை நான் டிவியில் பார்த்திருக்கிறேன்" என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு எந்தச் சாவடியிலும் முதலில் இறக்குவது அவனைத்தான்.

"அண்ணை, ஒரு நாள் பிடிச்சாங்கள். ஆனா ஒவ்வொரு நாளும் என்னைப் பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறாங்கள்" என்றான்.

3. 'அரெஸ்ட்' டேப்

லொட்ஜ் முதலாளிக்கு வீடு பாமன்கடையில். அவர் போர்ட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்தார். சாடியையும் எடுத்துக் கொல்லைப்புறம் வைத்தார். டிவியில் வாசல் பச்சையாகவே இருந்தது.

"பெயின்ட் அடிச்சும் விடுறாங்கள் இல்லை. நீர் ஒருக்கா நேரை போய்க் கேட்டுப் பாருமன்" என்று என்னை அனுப்பினார்.

படம் எடுத்த கொழும்புச் சனலின் தமிழ்ச் செய்திப் பகுதியில் ஜெயம் என்று ஒருவன் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தான். கொட்டாஞ்சேனையில் என் தம்பியோடு படித்தவன். என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போகாமல், வெளியில் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணே, லைப்ரரியில ஒரு டேப்புல 'அரெஸ்ட்'னு எழுதி ஒட்டியிருக்கு. அரெஸ்ட் நியூஸ் வந்தா அதத்தான் எடுத்துப் போடுவாங்க. யாரு, எந்த ஊருன்னெல்லாம் ஒருத்தனும் பாக்கிறதில்ல."

"நீ சொல்லக்கூடாதா? அந்தப் பொடியன அன்னைக்கே விட்டாச்சு ஜெயம். அவன் வெளிய தல காட்ட முடியல."

"என்னான்னு சொல்றது? அவன் மேல ஒனக்கு என்னா அக்கறைன்னு கேட்டா நான் என்னா பதில் சொல்ல? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு அண்ணே."

அவனைத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் யாராவது எங்களைக் கவனிக்கிறார்களா என்று அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

4. வான்

ஒரு பின்னேரம் சுதன் பாண் வாங்கப் போனான். கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை முனைத் தேத்தண்ணிக் கடைக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். நம்பர் பிளேட் இல்லாத வான் ஒன்று நின்றதாம், இரண்டு பேர் இறங்கினார்களாம், சுதனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். பாண் ரோட்டில் கிடந்தது.

நான் பொலிஸுக்கு ஓடினேன். மேசையில் இருந்த சார்ஜன்ட் சுதனின் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்:

"இவனா? பல் விளக்குகிறவன்தானே? இவனை எப்போதோ பிடித்தாயிற்றே. டிவியில் பார்த்தேனே."

"சேர், அது பழைய படம் சேர். அன்றைக்கே விட்டுவிட்டார்கள். இப்போது வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள்."

"அப்படி இங்கே யாரையும் கொண்டுவரவில்லை."

முறைப்பாடு எழுத வைக்க நான் கிட்டத்தட்டக் காலில் விழ வேண்டியிருந்தது. லொட்ஜுக்குத் திரும்பி வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளவத்தையில் ஒருவனை வானில் ஏற்றிக்கொண்டு போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேறு எங்கேயோ நடந்த கைது ஒன்று சொன்னார்கள். பச்சை போர்ட் வந்தது, குரோட்டன் வந்தது, சுதன் பிறஷோடு வந்தான். அன்று யாரும் ஹீரோ என்று கூப்பிடவில்லை. ஒரு பொடியன் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான்.

வவுனியாவுக்கு நான்தான் போன் எடுக்க வேண்டியிருந்தது. நான் வாயைத் திறக்கமுதல் அம்மா தொடங்கிவிட்டார்.

"பாத்தனாங்கள் தம்பி, பாத்தனாங்கள். பக்கத்து வீட்டுக்காரி குளறிக்கொண்டு ஓடி வந்தவா. அது பழைய படம், பேசாமல் போய்ப் படும் எண்டு நான்தான் சொல்லி அனுப்பினனான். அவன் சாப்பிட்டவனே?"

"அம்மா... இல்லம்மா. இன்னைக்கு நிஜமாவே தம்பிய கொண்டுபோயிட்டாங்கம்மா."

அம்மா, ஏதோ நான்தான் பயந்துபோன பிள்ளை மாதிரி, ஆறுதலாகச் சொன்னார்:

"இல்லைத் தம்பி. நீங்கள் பயப்படாதேங்கோ. அது பழைய படம்."

5. முன் ஹோல் கதிரை

அம்மா கொழும்புக்கு வந்து எங்கள் லொட்ஜிலேயே தங்கினார். பகலில் அவரும் நானும் ஏறி இறங்காத ஒபிஸ் இல்லை. பூசா முகாமா, வெலிக்கடைச் சிறையா, பொலிஸ் விசாரணை நடக்கிற நாலாம் மாடியா என்று கேட்டுக் கேட்டு அலைந்தோம். எல்லா இடத்திலும் "இங்கே இல்லை" என்பதுதான் பதில். ஒரு மனிதன் எங்கேயும் இல்லாமல் எப்படி இருப்பான்? அந்தக் கேள்வியை எந்த மேசையில் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இரவில் செய்திக்கு முன்னமே வந்து முன் ஹோலில் முதல் கதிரையில் உட்காருவார். முதல் நாள் எங்கள் வாசல் வந்தபோது நான் பதறிப்போய் டிவியை நிறுத்தப் போனேன்.

"விடுங்கோ தம்பி. சத்தத்தைக் குறையுங்கோ, அது காணும்" என்றார்.

சத்தமில்லாமல் சுதன் நடந்து வந்தான். கமராவைப் பார்த்தான். அம்மா கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தார். அவன் ட்ரக்கில் ஏறியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அவரிடம் மகனின் போட்டோக்கள் இருந்தன. ஆனால் அவன் நடப்பதும் திரும்பிப் பார்ப்பதும் அந்த ஒரு துண்டில்தான் இருந்தது. நாங்கள் சபித்த அந்தப் படத்துக்காக அந்த மனுசி ஒவ்வொரு இரவும் காத்திருந்தார். வராத இரவுகளில் சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

பிறகு போர்முனைப் படங்கள் குவியத் தொடங்கின. எங்கள் வாசல் வருவது நின்றது. நாங்கள் எல்லோரும் கேட்ட வரம் கடைசியில் கிடைத்துவிட்டது.

"ஏன் தம்பி, இப்ப போடுறாங்கள் இல்லை?" என்று அம்மா கேட்டார்.

நான் திரும்பவும் ஜெயத்திடம் போனேன். முதல் முறை போடாதே என்று கெஞ்சப் போனவன், இந்த முறை அந்த டேப்பில் ஒரு கொப்பி எடுத்துத் தா என்று கெஞ்சினேன். அவன் பாவம், உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணே, அந்த டேப்புக்கு மேல வேற ரெக்கோட் பண்ணிட்டாங்க."

லொட்ஜ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன். ஊரிலிருந்து ஒரு தாய் போன் எடுத்தால், டிவியில் வந்தது பழசு, ஒன்றும் பயமில்லை என்று நீங்கள் சொல்லாதீர்கள். மாடிக்கு ஓடிப் பிள்ளையைக் கூட்டி வந்து போனைக் கையில் கொடுங்கள். எத்தனையாவது தடவை என்றாலும் கொடுங்கள். செய்தி சொல்கிறவனுக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடப் பழகிவிடும். தாயைப் பயப்படாமல் இருக்கப் பழக்கிவிடக்கூடாது.

அன்று ஜெயத்தைப் பார்த்துவிட்டு வந்தபோது செய்தி நேரம் ஆகிவிட்டது. அம்மா முதல் கதிரையில் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்குப் போடுவாங்கம்மா" என்றேன்.

"ஓம் தம்பி" என்றார். அடுத்த நாளும் செய்திக்கு முன்னமே வந்து உட்கார்ந்தார்.